ஏ.சி. பிளான்ட்டில் நாங்களே கோளாறு வைத்துப் பார்த்தோம்: மூன்று டூல்கள், ஐந்து மாதம்

நெல்லைப் பக்கம் ஹோட்டல், கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை என்று சென்ட்ரல் ஏ.சி. ஓடும் கட்டடங்களில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிளான்ட்டில் கோளாறு வந்தால் தானாகவே கண்டுபிடித்துச் சொல்லும் சாஃப்ட்வேர் என்று இப்போது நிறைய பேர் வருகிறார்கள். எங்களிடமும் வந்தார்கள். டெமோ பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, சிவப்பு விளக்கு எரிகிறது, எந்த மெஷினில் கோளாறு, அதனால் எத்தனை யூனிட் கரன்ட் வீண் என்று கணக்கு வருகிறது. ஆனால் டெமோவில் காட்டும் கோளாறு அவர்களே கொண்டுவந்த கோளாறு. எங்கள் கட்டடத்தில், எங்கள் போர் தண்ணீரில், முகூர்த்த நாள் கூட்டத்தில் இது என்ன செய்யும் என்று தெரிய வேண்டுமென்றால் நாமே கோளாறு வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதனால் 2024 ஆனி கடைசியில் ஆரம்பித்து ஐப்பசி வரைக்கும் மூன்று டூல்களை ஒரே பிளான்ட்டில் பக்கம் பக்கமாக ஓடவிட்டோம்.

கம்பெனிப் பெயர் எதுவும் போடவில்லை. ட்ரையல் காலத்தில் ஒரு கட்டடத்தில் நடந்ததை வைத்து ஒரு கம்பெனியை ஊர் முழுக்கச் சொல்வது நியாயமாகப் படவில்லை. எந்த வகை டூல் எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்று தெரிந்தால் வாங்குகிறவருக்குப் போதும்.

எங்கள் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். ஆற்றங்கரைப் பக்கம் 60 ரூம் ஹோட்டல், அதோடு சேர்ந்த கல்யாண மண்டபம், டைனிங் ஹால். 120 டன் ஸ்க்ரூ சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்) இரண்டு, சில்லரின் சூட்டை வெளியே விடத் தண்ணீர் கூலிங் டவர், மண்டபத்துக்கு நாலு ஏ.ஹெச்.யூ. (அந்தக் குளிர்ந்த தண்ணீர் ஓடும் காயில் வழியாகக் காற்றை ஊதி ஹாலுக்கு அனுப்பும் மெஷின்), டைனிங்குக்கு இரண்டு, ரூம்களுக்கு அதே வேலையைச் சின்ன அளவில் செய்யும் ஃபேன் காயில். பி.எம்.எஸ். (கட்டடத்து மெஷின்களை எல்லாம் கண்காணிக்கும் கம்ப்யூட்டர்) இருக்கிறது, பழசு, ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா சென்சாரையும் பதிவு செய்யும். அந்தப் பதிவு இல்லையென்றால் இந்த டூல் எதுவுமே உங்களுக்கு ஆகாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பிளிட் ஏ.சி. முப்பது மாட்டியிருக்கும் கட்டடத்துக்கு இதை விற்க வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

முதல் டூல் விதிகளை வைத்து ஓடுவது. வெளிநாட்டில் எழுதியது, சென்னையில் டீலர். "வால்வு மூடியிருக்கிறது என்று கன்ட்ரோலர் சொல்கிறது, ஆனால் காயிலைத் தாண்டி வரும் காற்று உள்ளே போன காற்றைவிடக் குளிர்ந்திருக்கிறது, அப்படியானால் வால்வு கசிகிறது" என்கிற மாதிரி ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு விதி. இரண்டாவது டூல் மெஷின் லேர்னிங். விதி எதுவும் கிடையாது, கட்டடம் வழக்கமாக எப்படி ஓடும் என்று ஒரு மாதம் பார்த்துக் கற்றுக்கொள்ளும், அதிலிருந்து விலகினால் அலாரம் கொடுக்கும். மூன்றாவதை டூல் என்று சொல்லலாமோ என்னவோ, என் அக்கா மகளும் நானும் சேர்ந்து எழுதியது. அவள் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். பி.எம்.எஸ்.ஸிலிருந்து தினம் ராத்திரி வரும் ஃபைலை எடுத்து, பதினாறு விதிகளை ஓட்டி, காலை ஆறு மணிக்கு எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பும். அவ்வளவுதான்.

அந்தப் பதினாறு விதியும் நாங்கள் சொந்தமாக யோசித்ததில்லை. அமெரிக்காவில் நிஸ்ட் என்ற அரசு அளவீட்டு நிறுவனம் ஏ.ஹெச்.யூ.வுக்கென்று 28 விதிகள் கொண்ட ஒரு தொகுப்பை 2000களிலேயே வெளியிட்டிருக்கிறது. ஏ.ஹெச்.யூ. எந்த நிலையில் ஓடுகிறது என்று ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொரு நிலைக்கும் தனி விதி. ஹீட்டிங் ஓடும்போது, வெளிக்காற்றை மட்டும் வைத்துக் குளிரூட்டும்போது, முழு வெளிக்காற்றோடு சில்லரும் ஓடும்போது, குறைந்த அளவு வெளிக்காற்றோடு சில்லர் ஓடும்போது, அப்புறம் எதிலும் சேராத நிலை. படித்துப் பார்த்தபோது எனக்கு உறைத்தது என்னவென்றால், இதில் நம் ஊருக்கு ஒரே ஒரு நிலைதான். நமக்கு ஹீட்டிங் கிடையாது. வெளிக்காற்று 12, 15 டிகிரியில் இருக்கும் ஊரில் கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு டாம்பரை (வெளிக்காற்று வரும் வழியின் கதவு) திறந்து வைத்தாலே கட்டடம் குளிர்ந்துவிடும், நெல்லையில் மார்கழி விடியலில்கூட 20க்குக் கீழே இறங்குவது அபூர்வம். அதனால் நாலாவது நிலைக்கான விதிகளையும் பொதுவான விதிகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு, சில்லருக்கும் டவருக்கும் நாங்கள் சிலதைச் சேர்த்தோம். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் கோளாறு உள்ள ஏ.ஹெச்.யூ.க்களின் டேட்டாவை, எந்த நேரத்தில் என்ன கோளாறு இருந்தது என்ற குறிப்போடு, 2020ல் எல்லாருக்கும் பொதுவாக வெளியிட்டிருக்கிறது. அதை எடுத்து முதலில் எங்கள் விதிகளை அதில் ஓட்டிப் பார்த்து, தப்பைத் திருத்திக்கொண்டுதான் எங்கள் பிளான்ட்டுக்கு வந்தோம். அக்கா மகள் சொன்ன யோசனை அது. என்னை விட்டிருந்தால் நேரே மண்டபத்தில்தான் இறங்கியிருப்பேன்.

முதல் டூல் ஓட ஆரம்பித்து ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ஒரு பெரிய விஷயத்தைப் பிடித்தது. சில்டு வாட்டர் (சில்லர் குளிர்வித்த தண்ணீர்) மெயின் லைனில் போகும் தண்ணீரைவிடத் திரும்பி வரும் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது, இரண்டு சென்சார் ஒயரும் மாறியிருக்கலாம் என்று சொன்னது. போய்ப் பார்த்தால் நிஜம். 2023 டிசம்பர் மழையை இங்கே யாரும் மறக்க மாட்டோம், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி ஏறி வந்து எங்கள் பேஸ்மென்ட் பம்ப் ரூமில் இடுப்பளவு தண்ணீர். தை முகூர்த்தத்துக்குள் எல்லாவற்றையும் மாற்றி ஓட்ட வேண்டும் என்ற அவசரத்தில் சென்சார் மாற்றியபோது ஒயர் இடம் மாறிப் போயிருக்கிறது. ஆறு மாதம் அந்தத் தப்பு எண்ணைத்தான் தினமும் லாக் புக்கில் எழுதிக்கொண்டிருந்தோம். நான் கையெழுத்துப் போட்ட லாக் புக். அன்றைக்கு இந்த வகை டூல் மேல் எனக்கு மரியாதை வந்தது, அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் அதே டூல் அந்த முதல் இரண்டு வாரத்தில் நாற்பதுக்கு மேல் அலாரம் கொடுத்தது, அதில் பாதிக்கு மேல் நமக்குச் சம்பந்தமே இல்லாதது. ஹீட்டிங் வால்வு சிக்னல் வரவில்லை என்று தினமும் ஒன்று. ஹீட்டிங் வால்வே இல்லையே ஐயா. வெளிக்காற்றை வைத்துக் குளிரூட்டும் வாய்ப்பை இழக்கிறீர்கள் என்று ராத்திரி இரண்டு மணிக்கு ஒன்று, அப்போது வெளியே 27 டிகிரி. டீலரிடம் சொன்னோம், அவர் டியூன் பண்ணித் தருகிறேன் என்றார், தரவில்லை, கடைசியில் நானே உட்கார்ந்து ஒவ்வொரு விதியாக ஆஃப் பண்ணினேன். ஆஃப் பண்ணும் வசதி வாடிக்கையாளர் கையில் இருந்தது, அது ஒரு நல்ல விஷயம். இந்த டூலை யாராவது வாங்கினால் முதல் வாரம் முழுக்க இந்த வேலைக்கென்று ஒரு ஆளை உட்கார வையுங்கள். இல்லையென்றால் மூன்றாவது வாரம் யாரும் அந்த ஸ்கிரீனைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், உண்மையான அலாரமும் அந்தக் கும்பலில் காணாமல் போய்விடும்.

இரண்டாவது டூலுக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது விற்க வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த வகையைத்தான் கொண்டுவருகிறார்கள்.

அது கற்றுக்கொள்ள ஒரு மாதம் கேட்டது. நாங்கள் கொடுத்தது ஆடி மாதம். அப்போது தோன்றவில்லை. ஆடியில் மண்டபத்தில் கல்யாணம் ஏது? ஒரு மாதம் முழுக்க மண்டபம் பூட்டிக் கிடந்தது, ஏ.ஹெச்.யூ. தினம் ஒரு மணி நேரம் காற்றோட்டத்துக்கு ஓடியது, வெளியே ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. குற்றாலத்தில் சாரல் விழும் நாளில் நமக்கு இங்கே காய்ந்த காற்றும் புழுதியும்தான், கூலிங் டவருக்கு அது கொண்டாட்டம், காற்று காய்ந்திருந்தால் தண்ணீர் நன்றாகக் குளிரும். ஆக டூல் கற்றுக்கொண்டது என்ன? மண்டபத்தில் ஆள் இருக்காது, டவர் தண்ணீர் எப்போதும் ஜில்லென்று இருக்கும், ஒரு சில்லர் பாதி லோடில் ஓடினால் போதும். இதுதான் இந்தக் கட்டடத்தின் வழக்கம் என்று முடிவு கட்டிக்கொண்டது.

ஆவணி பிறந்தது. அந்த மாதம் மண்டபம் ஒன்பது நாள் புக் ஆகியிருந்தது. ஒன்பது நாளும் விடியற்காலை நாலரைக்கே அலாரம். கல்யாண வீட்டில் ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே 100 வாட்டுக்கு மேல் சூடு விடுவார். ஆயிரம் பேர் கூடினால் ஆளால் மட்டுமே 100 கிலோவாட், ஒரு டன் என்பது மூன்றரை கிலோவாட், ஆக 28 டன்னுக்கு மேல் மனித உடம்பின் சூடே வந்துவிடுகிறது. அதோடு மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த பெரிய கதவை மேளம் முடிகிற வரைக்கும் யாரும் மூடுவதில்லை, வெளிக்காற்று அப்படியே உள்ளே வரும். பந்தி நடக்கும் டைனிங்கில் சாம்பார், ரசம், பாயசம் என்று ஆவி. இரண்டு சில்லரும் முழு லோடு. இதில் எங்கேயும் கோளாறு இல்லை. ஆனால் ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பு, சில்லர் 1 வழக்கத்துக்கு மாறாக, சில்லர் 2 வழக்கத்துக்கு மாறாக, நாலு ஏ.ஹெச்.யூ.வும் வழக்கத்துக்கு மாறாக. சப்போர்ட்டில் பேசிய பையன் மரியாதையாகத்தான் பேசினான், "சார், இன்னும் இரண்டு மூன்று மாதம் டேட்டா போனால் சரியாகிவிடும்" என்றான். போகப் போகக் குறைந்ததும் உண்மை. ஆனால் ஒரு வருஷத்தில் ஆடி, புரட்டாசி, மார்கழி என்று காலி மாதமும் தை, வைகாசி, ஆவணி என்று நெருக்கும் மாதமும் மாறி மாறி வரும் கட்டடத்தில், முகூர்த்த காலண்டரை உள்ளே கொடுக்க வழியில்லாத ஒரு டூல் எப்படிக் கற்றுக்கொள்ளும்? புக்கிங் தேதியை நாங்கள் போட்டுக்கொடுக்கிறோம், எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். இப்போதைக்கு இல்லை என்றார்கள். ஆபீஸ் மாதிரி திங்கள் முதல் வெள்ளி ஒரே சீராக ஓடும் இடத்துக்கு இது பொருந்தலாம். மண்டபத்துக்குப் பொருந்தவில்லை.

சரி, கோளாறு வைத்த கதைக்கு வருவோம்.

இதற்கும் ஒரு முன்மாதிரி இருக்கிறது. அமெரிக்காவில் அயோவா என்ற மாநிலத்தில் ஒரு சோதனைக் கட்டடம், அதில் ஒரே மாதிரி இரண்டு ஏ.ஹெச்.யூ. ஆஷ்ரே என்ற ஏ.சி. இன்ஜினியர்கள் சங்கத்துக்காக அங்கே செய்த ஆய்வில் ஒன்றில் மட்டும் வேண்டுமென்றே கோளாறு வைத்தார்கள், டாம்பரை மாட்டிக்கொள்ள வைப்பது, வால்வை மாட்டிக்கொள்ள வைப்பது என்று ஒரு நாளைக்கு ஒன்று. இன்னொன்று சரியாக ஓடும். இரண்டுக்கும் ஒரே வெயில், ஒரே நாள், அதனால் வித்தியாசம் எதனால் வந்தது என்று சந்தேகமே வராது. சில்லருக்கும் இதே மாதிரி பர்டூ பல்கலைக்கழகத்தில் 90 டன் மெஷினில் செய்திருக்கிறார்கள், கண்டன்சர் (சில்லரின் சூட்டை டவர் தண்ணீருக்கு மாற்றும் பகுதி) அழுக்கு, தண்ணீர் குறைவு, கேஸ் குறைவு, கேஸ் அதிகம் என்று ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. எங்கள் மண்டபத்திலும் ஒரே ஹாலுக்கு இடதும் வலதுமாக இரண்டு ஏ.ஹெச்.யூ. ஜோடி. இடது பக்கத்தில் கோளாறு வைப்பது, வலது பக்கத்தைத் தொடாமல் விடுவது என்று வைத்துக்கொண்டோம்.

புரட்டாசியில் மண்டபம் காலி, மேனேஜரிடம் எழுதி வாங்கிக்கொண்டு ஆரம்பித்தோம். ஃபில்டர் முன்னால் சாக்கைக் கட்டிக் காற்றைப் பாதியாகக் குறைத்தோம். சில்டு வாட்டர் வால்வைத் திருப்பும் மோட்டாரான ஆக்சுவேட்டரைக் கழற்றிவிட்டுக் கையால் கால்வாசி திறந்து வைத்தோம், கன்ட்ரோலர் மூடச் சொன்னாலும் மூடாது. வெளிக்காற்று டாம்பர் ராடைக் கழற்றி முழுக்க மூடிய நிலையில் விட்டோம். ஹாலுக்குப் போகும் காற்றை அளக்கும் சப்ளை ஏர் சென்சார் எண்ணில் 2 டிகிரி கூட்டிப் போட்டோம். கண்டன்சர் தண்ணீர் வால்வைக் கொஞ்சம் நெருக்கினோம், சில்லர் ட்ரிப் ஆகாத அளவுக்கு மட்டும். கடைசியாக, ராத்திரி பத்துக்கு நிற்க வேண்டிய ஏ.ஹெச்.யூ.வை மேனுவலில் விட்டு விடிய விடிய ஓட வைத்தோம். ஒவ்வொன்றும் இரண்டு நாள், நடுவில் இரண்டு நாள் சுத்தமாக. மறுபடி ஐப்பசியில் ஆள் நடமாட்டத்தோடு அதே ஆறு, கல்யாணம் இல்லாத நாளாகப் பார்த்து. தொட்ட ஒவ்வொரு இடத்திலும் சிவப்பு டேக், நோட்டில் நேரம், யார் தொட்டது என்ற கையெழுத்து. கேஸ் பக்கமும் ப்ரெஷர் கட்அவுட் (அழுத்தம் மீறினால் மெஷினை நிறுத்தும் பாதுகாப்பு சுவிட்ச்) பக்கமும் கையே வைக்கவில்லை, நீங்களும் வைக்காதீர்கள்.

நான் மூன்று டூலுக்கும் சொல்லவில்லை, எங்கள் ஆப்பரேட்டர் அண்ணாச்சிக்கும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷமாக இந்த பிளான்ட்டை ஓட்டுகிறவர். அவரும் கண்டுபிடிப்பாரா என்று பார்க்க வேண்டும் என்று ஆசை, அப்புறம் சொல்லி மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

ஆறு கோளாறு இரண்டு முறை, மொத்தம் பன்னிரண்டு. முதல் டூல் எட்டைப் பிடித்தது, அதில் ஆறில் கோளாறின் பெயரையும் சரியாகச் சொன்னது. இரண்டாவது டூல் ஒன்பதைப் பிடித்தது, எண்ணிக்கையில் அதுதான் முதல், ஆனால் இன்ன கோளாறு என்று சரியாகச் சொன்னது இரண்டே இரண்டு, மற்றதெல்லாம் "இந்த ஏ.ஹெச்.யூ.வில் ஏதோ மாற்றம்" என்பதோடு சரி. ஏதோ என்றால் நான் எங்கே போய்த் தேடுவேன்? எங்கள் சொந்த விதிகள் ஏழைப் பிடித்தன, ஏழிலும் பெயர் சரி, ஆனால் மறுநாள் காலையில்தான் தெரியும்.

கசியும் வால்வை மூன்றும் பிடித்தன, அது சுலபம். சென்சார் 2 டிகிரி தப்பை முதல் டூல் இரண்டு முறையும் விட்டுவிட்டது. நாங்கள் அதைப் பிடித்ததற்குக் காரணம் ஒரு சின்ன வேலை: விடியற்காலை மூன்று மணிக்குப் பத்து நிமிடம் வால்வை மூடி ஃபேனை மட்டும் ஓடவிடுவோம், அப்போது போகும் காற்றும் வரும் காற்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், ஃபேன் மோட்டாரின் சூட்டுக்கு ஒரு டிகிரி விட்டுக்கொடுக்கலாம், அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் சென்சார் பொய் சொல்கிறது. கட்டடம் ஓடுகிற ஓட்டத்தை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் இது பிடிபடாது, கொஞ்சம் சீண்டிப் பார்க்க வேண்டும். இந்த வசதி காசு கொடுத்து வாங்கும் இரண்டு டூலிலும் இல்லை, நான் கேட்கிற முதல் திருத்தம் அதுதான்.

ஃபில்டர் அடைப்பு எனக்கு ஆச்சரியம். புரட்டாசியில் ஒரு டூலும் பிடிக்கவில்லை. ஹால் காலி, லோடு குறைவு, ஃபேன் 60 சதவீத வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, சாக்கைக் கட்டியதும் வேகத்தைக் கூட்டிச் சமாளித்துக்கொண்டது, ஹாலில் 24 டிகிரி அப்படியே நின்றது. ஐப்பசியில் லோடோடு வைத்தபோது ஃபேன் 100க்குப் போய் முட்டியது, அப்போது எல்லாரும் பிடித்தார்கள். காலிக் கட்டடத்தில் டெஸ்ட் செய்து எல்லாம் ஓகே என்று சர்டிஃபிகேட் கொடுத்தால் நம்பாதீர்கள், லோடு ஏறும்போதுதான் பாதிக் கோளாறு முகம் காட்டும். அடைப்பைக் காட்டும் பிரஷர் சென்சார் எங்கள் ஃபில்டரில் இல்லாததும் ஒரு காரணம், அதை இப்போது வாங்கி மாட்டிவிட்டோம்.

அண்ணாச்சி புரட்டாசியிலேயே ஃபில்டரைப் பிடித்துவிட்டார். ஏ.ஹெச்.யூ. ரூம் வழியாக நடந்து போனவர் நின்று, கதவில் கை வைத்து, "தம்பி, இது மூச்சு முட்டுத மாதிரில்லா இழுக்கு, ஃபில்டரப் பாருங்க" என்றார். கண்டன்சர் வால்வை நெருக்கியதையும் பைப்பைத் தொட்டுப் பார்த்தே சொன்னார். சென்சார் தப்பும் டாம்பரும் அவருக்குத் தெரியவில்லை, அது கைக்குத் தெரியாத விஷயம். ராத்திரி ஓடிய ஏ.ஹெச்.யூ.வும் தெரியவில்லை, அவர் ஷிஃப்ட் எட்டு மணிக்கே முடிந்துவிடும். டூலும் ஆளும் பிடிக்கிற கோளாறுகள் வேறு வேறு என்பதை நான் இவ்வளவு தெளிவாக அதற்கு முன் பார்த்ததில்லை. இந்த டூல் வாங்கினால் இரண்டு ஆப்பரேட்டரைக் குறைக்கலாம் என்று ஒரு சேல்ஸ்மேன் எங்கள் முதலாளியிடம் சொன்னார். அது தவறு, நான் முதலாளியிடமே நோட்டைக் காட்டிச் சொன்னேன், அவரும் கேட்டுக்கொண்டார்.

கண்டன்சர் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், பணம் அங்கேதான் இருக்கிறது. வால்வை நெருக்கியபோது முதல் டூல் கூலிங் டவர் கோளாறு என்றது. தப்பு. தண்ணீர் ஓட்டம் குறைந்தால் கண்டன்சருக்குள் போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் கூடும், எங்களுக்கு 5 டிகிரியில் இருந்தது 8க்கு வந்தது. ட்யூபில் உப்புப் படிந்தால் அந்த வித்தியாசம் பெரிதாக மாறாது, கேஸ் குளிரும் வெப்பநிலைக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளி கூடும், அப்ரோச் என்று சொல்வது அதைத்தான். சுத்தமான ட்யூபில் அது ஒன்றிரண்டு டிகிரிதான் இருக்கும். டவர் சரியில்லை என்றால் இரண்டும் சரியாக இருந்து உள்ளே வரும் தண்ணீரே சூடாக இருக்கும். மூன்று கோளாறுக்கும் ஹெட் ப்ரெஷர் (கம்ப்ரஸர் தள்ளும் பக்கத்து கேஸ் அழுத்தம்) ஏறும், வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் வைத்தியம் வேறு. இதைப் பிரித்துச் சொல்லாத டூல் உங்களைத் தேவையில்லாமல் டவர் மேல் ஏற்றி இறக்கும். அதோடு முதல் டூலில் டவர் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் அலாரம் என்று ஒரு நிலையான எண் வைத்திருந்தார்கள், ஐப்பசி மழையில் காற்று முழுக்க ஈரமாக இருக்கும்போது பல நேரம் டவரால் அதற்குக் கீழே இறக்க முடியாது, நல்ல டவரும் அலாரம் வாங்கும். வெளிக்காற்றின் ஈர பல்ப் வெப்பநிலையோடு (ஈரத் துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் எண்) ஒப்பிட்டுச் சொல்ல வேண்டிய விஷயம் அது.

நாங்கள் வைக்காத கோளாறு ஒன்று தானாக வந்தது, அதைப் பிடித்தது இரண்டாவது டூல், இதை நான் சொல்லாமல் விட்டால் அதற்கு அநியாயம் செய்தவனாவேன். ஐப்பசி இரண்டாவது வாரம், சில்லர் 2 மெல்ல மெல்ல வழக்கத்திலிருந்து விலகுகிறது என்று ஒரு கோடு போட்டுக் காட்டியது. ஏன் என்று சொல்லவில்லை. முகூர்த்த அலாரம் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போயிருந்த நான் அதையும் அப்படியே ஒதுக்கிவிட்டேன். நாலு நாள் கழித்து எங்கள் விதி அப்ரோச் 3.5ஐத் தாண்டியது என்று மெசேஜ் கொடுத்தது, அப்போதுதான் இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். கோடை முழுக்கக் குடிநீருக்கு ஆற்றுத் தண்ணீரை விட்டுவிட்டு டவருக்குப் போர் தண்ணீரை ஓட்டினோம், அந்த உப்பு ட்யூபில் ஏறியிருக்கிறது. திறந்து பார்த்தால் வெள்ளையாகப் படிந்திருந்தது. கண்டன்சிங் வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் கம்ப்ரஸர் கரன்ட் சுமார் 2, 3 சதவீதம் கூடும், இரண்டு டிகிரி ஏறிய நிலையில் எத்தனை வாரம் ஓடியதோ. டீஸ்கேலிங் செய்து அந்த உப்பை எடுத்ததும் அப்ரோச் ஒன்றரைக்கு வந்தது. அண்ணாச்சி அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, "நாலு நாளைக்கு முன்னாடியே சொல்லிருக்கு, நாமதான் கேக்கல" என்றார்.

அந்த நாலு நாள்தான் எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது. டூல் சரியாகச் சொன்னது, நான் கேட்கவில்லை, கேட்காததற்குக் காரணம் அதே டூல் ஆவணியில் கொடுத்த பொய் அலாரம். ஒரு கோளாறை விட்டுவிடும் டூலையாவது சகித்துக்கொள்ளலாம், பொய் அலாரம் கொடுக்கிற டூல் உண்மை சொல்லும் நாளிலும் நம்மைக் காது கேளாதவர்களாக்கிவிடுகிறது. அதனால் யார் டெமோவுக்கு வந்தாலும் இப்போது நான் கேட்கிற முதல் கேள்வி எத்தனை கோளாறு பிடிப்பீர்கள் என்பதில்லை, சரியாக ஓடும் ஒரு வாரத்தில் எத்தனை அலாரம் கொடுப்பீர்கள் என்பதுதான். முதல் டூல், விதிகளைக் குறைத்த பிறகு, வாரத்துக்கு மூன்று. எங்களுடையது ஒன்று அல்லது ஒன்றுமில்லை. இரண்டாவது டூல் முகூர்த்த வாரத்தில் கொடுத்தது எண்ணி மாளாது.

சந்தா விஷயமும் கேட்பீர்கள். இரண்டு கம்பெனியும் சென்சார் பாயின்ட் எண்ணிக்கைக்குத்தான் விலை சொல்கிறார்கள், ரூம் ஃபேன் காயிலை எல்லாம் சேர்த்தால் எங்களுக்குப் பாயின்ட் பல மடங்கு ஏறிவிடும், கிடைக்கும் லாபம் அவ்வளவு இல்லை. மண்டபமும் டைனிங்கும் சேர்ந்த ஆறு ஏ.ஹெச்.யூ.வுக்கு மட்டும் முதல் டூலை ஒரு வருஷத்துக்கு எடுத்திருக்கிறோம். சில்லருக்கும் டவருக்கும் எங்கள் பதினாறு விதியே போதும் என்று விட்டுவிட்டோம், இப்போது அது பத்தொன்பது ஆகிவிட்டது. இரண்டாவது டூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், முகூர்த்த நாளை உள்ளே கொடுக்கும் வசதி வந்தால் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன், மனதாரச் சொன்னேன், அந்தக் கோட்டை வரைந்தது அதுதானே. நீங்கள் அந்த வகை டூலை ட்ரையல் எடுப்பதாக இருந்தால் ஆடியில் எடுக்காதீர்கள், ஆவணியிலோ தையிலோ ஆரம்பியுங்கள்.

கேஸ் குறைவை மட்டும் இதுவரை சோதிக்க முடியவில்லை. வருடாந்திர சர்வீஸுக்கு சில்லர் 1ன் கேஸை எப்படியும் சிலிண்டரில் இறக்கித்தான் ஆக வேண்டும், திரும்ப ஏற்றும்போது சர்வீஸ் இன்ஜினியர் முன்னிலையில் கொஞ்சம் குறைவாக ஏற்றி ஒரு நாள் ஓட்டிப் பார்க்கலாம் என்று அவரே ஒத்துக்கொண்டிருக்கிறார். மார்கழியில், மண்டபம் காலியாக இருக்கும்போது. அண்ணாச்சிக்கு இந்த முறை முன்கூட்டியே சொல்லிவிட்டேன், அவர் வேண்டாம் என்கிறார், "சொல்லாம வைங்க தம்பி, எனக்குத் தெரியுதான்னு நானும் பாக்கணும்லா."